கறுப்புப் பக்கத்தில் கிரகோரி

மலேசியாவில், ஜொகூரின் பாசிர் கூடாங் துறைமுகத்தில் நான் ஓட்டிய கிரேன் எவ்வளவு உயரம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேலே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால், போகிற மேகம் நின்று மோந்து பார்த்துவிட்டுப் போகும். பக்கத்துக் கிரேன் கிரகோரியுடையது. அது என்னுடையதைவிட அரை முழம் குட்டை. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இருவரும் ஓய்வு பெற்று மாசாயில் எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். பழைய கிரேன் ஓட்டிகள் எல்லாரும் கூடி ஒரு மதியம் சாப்பிடலாம் என்று பேச்சு வந்தபோது, அதற்கு 'மாநாடு' என்று பெயர் வைத்தவன் நான். மாநாடு என்றால் வெப்சைட் வேண்டும் என்றவர் கிரகோரி. இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் தெருக்கோடியில் நின்ற மோட்டார் சைக்கிள் ஒன்று தானாக ஸ்டார்ட் ஆனது.

என் மகள் லோஷினிக்கு அதுதான் தொழில். மாடி அறையில் உட்கார்ந்தபடியே சிங்கப்பூர் மாநாடுகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறாள். கிரகோரி படியேறிப் போய்த் தன் கைப்பேசியை அவளிடம் நீட்டினார்.

"இதே மாதிரி வேணும்மா. இதே கறுப்பு."

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைகளின் பாதுகாப்பு மாநாட்டுப் பக்கம் அது. முழுக்கக் கறுப்பு. அந்த இருட்டிலிருந்து பேச்சாளர்களின் முகங்கள் கறுப்பு வெள்ளையில் மெல்ல எழுந்து வந்தன. மூன்றாவது வரிசையில் அட்ரியன். கிரகோரியின் ஒரே மகன்.

லோஷினி என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன்.

அட்ரியன் அப்பாவோடு பேசி வருடங்கள் ஆகின்றன. கொரோனா காலத்தில் சிங்கப்பூர் போகிற பாலம் மூடிக் கிடந்தபோது, அங்கே வேலை பார்த்த அவன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். இந்தப் பக்கம் அவன் அம்மா பியாட்ரிஸ் படுத்த படுக்கையானாள். கிரகோரி மகனுக்குச் சொல்லவில்லை. வர வழியில்லாத பிள்ளை, சொன்னால் அங்கே கிடந்து துடிப்பான் என்று நினைத்தார். அடக்கம் முடிந்த பிறகு பியாட்ரிஸின் போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பினார், அவ்வளவுதான். பாலம் திறந்தது. மாசாய் பையன்கள் எல்லாம் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். அட்ரியன் வரவில்லை. அதற்குப் பிறகு கிரகோரி மகன் முகத்தைப் பார்ப்பதெல்லாம் இந்த மாதிரி மாநாட்டுப் பக்கங்களில்தான்.

"அங்கிள், இது ஸ்டேஜ்ல லைட் விழற மாதிரி ஒரு ஸ்டைல்," என்றாள் லோஷினி. "பெரிய டெக் மாநாட்டுக்குப் போடுவாங்க. நீங்க வாழை இலையில சாப்பாடு போடுறீங்க."

"சாப்பாட்டக் கறுப்பாக்கச் சொல்லலியே. பக்கத்தத்தானே சொல்றேன்."

"கறுப்பு வேணாம்னு அம்மா சொல்லுவாங்க. கெட்ட காரியம் மாதிரி இருக்கும்."

"உங்கம்மா பேச்ச உங்கப்பாவே கேக்கறதில்ல லா."

ஒரு வாரம் உட்கார்ந்து மாதிரிகள் பார்த்தோம். கறுப்பில் இத்தனை சாதி உண்டு என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. டயர் கறுப்பு, பால் விடாத கோப்பி-ஓ கறுப்பு, நடுக்கடலில் கப்பல் விளக்கு அணைந்த கறுப்பு. ஒன்றில் எழுத்துகள் நியான் பச்சையில் மின்னின. அதைப் பார்த்த வேகத்தில் என் கண்ணாடி ஒரு நம்பர் ஏறிவிட்டது. கிரகோரி எதற்கும் மசியவில்லை. மகனின் பக்கத்தையும் லோஷினியின் பக்கத்தையும் அருகருகே வைத்து, கறுப்பும் கறுப்பும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவன் போட்டோவும் என் போட்டோவும் ஒரே சுவத்துல மாட்டின மாதிரி இருக்கணும்," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் மாநாட்டில் பேச அவர் அட்ரியனைக் கூப்பிடப்போகிறார். வேலைப் பாதுகாப்பைப் பற்றி அவன் ஊரெல்லாம் பேசுகிறான், அப்பா சிநேகிதர்களுக்கும் வந்து பேசட்டுமே. வீட்டுக்கு வா என்றால் வராதவன், மாநாட்டுக்கு வா என்றால் வரக்கூடும். பேச்சாளர் வரிசையில் கிரகோரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் 'விரைவில்' என்று மட்டும் போடச் சொன்னார்.

அவர் படமும் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. நல்ல சிரிப்பு. கீழே 'கிரகோரி அந்தோணிசாமி'. அதற்குக் கீழே, தான் கிரேனில் இருந்த வருடங்களைப் போட்டே ஆக வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கினார்: 1981 – 2024. அதற்கும் கீழே தேவாலய மண்டபம், மாசாய். மாநாடு, சாப்பாடு, கிரேன் எல்லாம் அதற்கடுத்துத்தான்.

சனிக்கிழமை காலை நான் அதைப் பழைய ஓட்டிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கிரகோரி தன் கைப்பேசியிலிருந்து அட்ரியனுக்கு அனுப்பினார். என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிட்டார்.

வாட்ஸ்அப் ஒரு பக்கத்தை முழுதாகக் காட்டாது, மேல் துண்டை மட்டும்தான் காட்டும். எங்கள் ஆட்கள் அந்தத் துண்டைத் தாண்டிப் போகிறவர்களும் இல்லை. கறுப்பு, நடுவில் சிரிக்கிற முகம், பெயர், இரண்டு வருடங்கள், தேவாலயம். தினம் விடிந்தால் குழுவில் இப்படி ஒன்று வந்து விழுகிற வயது எங்களுக்கு. முதல் கும்பிடு சிம்பாங் ரெங்கத்திலிருந்து வந்தது. அடுத்து 'ஆழ்ந்த இரங்கல்'. பிறகு வந்த கும்பிடுகளைத் தாங்காமல் என் கைப்பேசி சூடேறி, அதன்மேல் முட்டை உடைத்து ஊற்றியிருந்தால் வெந்திருக்கும். 43 வயதில் இந்த முகம் எப்படி இத்தனை கிழமாகும் என்று ஒருவர்கூடக் கணக்குப் பார்க்கவில்லை.

நான் 'அலமாக், ஐயோ, இது மாநாடு' என்று தட்டி முடிப்பதற்குள் சேதி கேட்டுக் கிருஷ்ணம்மா வந்துவிட்டாள். துறைமுகக் கேண்டீனில் எங்களுக்குச் சோறு போட்டவள். கிரகோரி வீட்டு வாசலிலேயே முந்தானையை வாயில் வைத்து அழுகையை ஆரம்பித்தாள். கிரகோரி இடுப்பில் சாரோங்கோடு, கையில் மைலோ குவளையோடு கதவைத் திறந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு கிருஷ்ணா?"

"உனக்குத்தான்யா," என்றாள். அழுகையை நிறுத்த அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்து எங்கள் பழைய ஓட்டி வேலு வந்தார், பின்னாலேயே துக்கத்துக்குப் போடும் கூடாரம் ஏற்றிய லோரியோடு. மாலை ஒன்று, ஐஸ் பெட்டி ஒன்று. வந்தவர்கள் சிரித்தார்கள், திட்டினார்கள், கிரகோரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கூடாரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ரொட்டி சானாய் வாங்கி வரச்செய்து அதன் கீழேயே சாப்பிட்டோம். அந்த மாதிரி ஒரு குதூகலத்தை ஜொகூர் மாநிலம் கண்டதில்லை. செத்தவரே குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். புறப்படும்போது கிருஷ்ணம்மா 'வர்றேன்' சொல்லாமல் படியிறங்கினாள். துக்க வீட்டில் சொல்லக்கூடாது என்ற பழக்கம். பாதித் தெருவில் நினைவு வந்து, திரும்பிக் கையை ஆட்டினாள்.

அவள் ஆட்டிய கையைத் தாண்டித்தான் அந்த மோட்டார் சைக்கிள் வந்தது. சிங்கப்பூர் நம்பர்.

அட்ரியன் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான். பளிச்சிடும் மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கூடாரத்தைப் பார்த்ததும் ஸ்டாண்டு போடாமலேயே வண்டியை விட்டான், அது சாய்ந்து விழுந்தது. ஓடி வந்தான். கூடாரத்துக்குள் நாலு எட்டு வைத்த பிறகுதான், குழம்புக் கரண்டியோடு நிற்கிற அப்பா கண்ணில் பட்டார்.

"வாய்யா," என்றார் கிரகோரி. "சாப்பிடு."

அட்ரியன் நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கினான். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"என்னப்பா இது?"

"வெப்சைட்டுய்யா. மாநாடு. உன்னைப் பேசக் கூப்பிடலாம்னு... கீழ பாத்தா இருக்கும்."

"கீழயா? நான் எங்கப்பா கீழ பாப்பேன்? அம்மா செத்த சேதி அம்மா போன்லேருந்து வந்துச்சு. இன்னிக்கு உங்க போன்லேருந்து இது வருது. ஒரு வார்த்தை இல்ல. உங்க போன எடுத்து யாரோ அனுப்பிருக்காங்கன்னுதான் நினைச்சேன்."

கிரகோரியின் கையிலிருந்த கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

"அம்மா செத்தப்ப சொல்லல," என்றான் அட்ரியன். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க சாகாதப்ப சொல்றீங்க."

"உன்னால வர முடியாதேன்னுதான்யா..."

"வர முடியாதுன்னு அழுதிருப்பேன். அதுவும் இல்லாமப் பண்ணிட்டீங்க."

நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். வாழ்நாள் முழுக்க எதற்கும் ஒன்று வைத்திருப்பவன் நான். அன்று ஒன்றும் அகப்படவில்லை.

அட்ரியன் அப்பாவின் அருகே போனான். கட்டிக்கொள்ளப் போகிறான் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் தோளில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டான். பிறகு திரும்பி நடந்து வண்டியைத் தூக்கி நிமிர்த்தினான்.

"மாநாட்டுக்கு வருவியாய்யா?"

"தெரியலப்பா."

வண்டி சத்தம் தெரு முனையில் திரும்பி, பெரிய சாலைச் சத்தத்தில் கலந்துவிட்டது.

மாலையில் வேலுவின் ஆட்கள் கூடாரத்தைப் பிரித்தார்கள். லோஷினி வந்து, பக்கத்தை வெள்ளையாக மாற்றிவிடவா அங்கிள் என்று கேட்டாள். வேண்டாம், வருடத்தை மட்டும் எடுத்துவிடு என்றார் கிரகோரி. அவள் போன பிறகு வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஓடி வந்தான் பாத்தியா லோகு."

"பாத்தேன். என்னா வேகம்."

"வண்டியக் கீழ போட்டுட்டு வந்தான்."

"ஆமா."

என் கைப்பேசியை எடுக்கச் சொன்னார். அட்ரியனின் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார், எதையும் பார்க்காமலே.

"நான் நிஜமா படுத்துட்டேன்னா, சாகறதுக்கு முன்னாடியே அவனுக்குச் சொல்லு. மத்தவங்களுக்கெல்லாம் அப்புறம். எழுதி அனுப்பாத. போன் அடி."

"எடுக்கலன்னா?"

"எடுக்கற வரைக்கும் அடி."

சரி என்றேன். எண்ணைச் சேமித்துவிட்டு, சரிதானா என்று அவரிடம் ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டினேன்.