சம்பளம் வாங்காத காவல்காரர்

“நான் எடுக்க மாட்டேன் மேடம். வச்ச கையே வந்து எடுக்கட்டும்.”

“நான் வச்சது நாலு டைல்ஸ்ண்ணே. இந்த மாடம், வேலி, விளக்கு எல்லாம் நீங்க வச்சது.”

“விதை உங்களுது. நாங்க தண்ணி ஊத்தினோம், அவ்வளவுதான்.”

பஞ்சர் கடைக்காரர் இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் இளநிலைப் பொறியாளராக இருந்த அந்தப் பெண் மாடத்தின் பக்கம் திரும்பினாள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இருக்கவில்லை.

கடைத்தெருவிலிருந்து கீழ்த்தெரு பிரிகிற முக்கு அது. நகராட்சியின் சுற்றுச்சுவர் வளைகிற இடத்தில், இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பளிங்கு மாடம் நின்றது. உள்ளே கடவுள் படம். அதற்கு மேல் பகலிலும் எரிகிற சிவப்பு பல்பு. மூன்று பக்கமும் பளபளவென்று கம்பி வேலி. மாடத்துக்கு அடியில் ஒரு கான்கிரீட் மூடி. மூடிக்கு அடியில், ஓர் ஆள் இறங்கக்கூடிய குழியில், கீழ்த்தெருவுக்குப் போகும் குடிநீரைத் திறந்து மூடுகிற வால்வு.

அந்த வால்வை இப்போது மூடியாக வேண்டும். கீழ்த்தெருவின் நடுவில் குடிநீர்க் குழாய் விரிசல் விட்டு, அழுத்தம் குறையும்போதெல்லாம் சாக்கடையை உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவருக்கு வாந்தியும் பேதியும். ஒரு முதியவரும், நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு குழந்தையும் இறந்துவிட்டார்கள். லாரியில் அனுப்பிய தண்ணீர் குடிப்பதற்கே போதவில்லை. மற்றதற்கெல்லாம் ஜனங்கள் அதே குழாயைத்தான் திறந்தார்கள். தோண்டி ஒட்ட வேண்டுமானால் அந்தத் தெருவுக்குப் போகும் தண்ணீரை நிறுத்த வேண்டும். மேலே இருக்கிற பெரிய வால்வை மூடலாம். மூடினால் அரசு மருத்துவமனைக்கும் தண்ணீர் நின்றுபோகும். நோயாளிகள் எல்லாரும் அங்கேதான் கிடந்தார்கள்.

இதையெல்லாம் அவள் எடுத்துச் சொன்னாள். பஞ்சர் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. இறந்த குழந்தையின் அப்பாவுடைய சைக்கிளுக்கு அவர் எத்தனையோ தடவை காசு வாங்காமல் காற்றடித்து விட்டிருக்கிறார். ஆனால் மாடத்தை நகர்த்தினால் ஊர் தன்னை என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த வாரம் சிறப்பு வழிபாடு இருக்கிறது, அது முடியட்டும், பெரிய மனிதர்களை வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்றார். “கீழ்த்தெருக்காரங்களுக்காக நம்ம கடவுளப் போயி...” என்று பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். முடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கீழ்த்தெருவில் இருந்தவர்கள் வேறு மதத்துக்காரர்கள்.

இந்த முக்கு முன்பு குப்பைமேடாகக் கிடந்தது. கோழி இறகும் அழுகின காய்களும் இரவோடு இரவாக வந்து விழும். ஆண்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள். வால்வைத் திருகும் தொழிலாளி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்குவார். ‘இங்கே குப்பை கொட்டாதீர்கள்’ என்று வைத்த பலகையைக் குப்பையே மூடிவிட்டது. பொறியாளர் நகராட்சியில் குப்பைத் தொட்டி கேட்டாள், கூட்டிப் பெருக்க ஓர் ஆள் கேட்டாள், எதுவும் கிடைக்கவில்லை. வெறுத்துப்போய் ஒரு நாள் கடவுள் படம் போட்ட நாலு டைல்ஸ் வாங்கிவந்து சுவரில் ஒட்டச் சொன்னாள். எந்தக் கடவுள் என்று அதிகம் யோசிக்கவில்லை. கடைத்தெருவில் அதிகம் பேர் கும்பிடுகிற கடவுள். அவளுக்கு எந்தக் கடவுளிடத்திலும் நம்பிக்கை கிடையாது. அவளுக்கு அது ஒரு வேலைக்கான கருவி, ஸ்பேனர் மாதிரி.

முக்கு உடனே சுத்தமாகிவிட்டது. “சம்பளம் இல்லாத வாட்ச்மேன் ஒருத்தரப் போட்டுட்ட போல. லீவும் கேக்க மாட்டார்” என்று வீட்டில் கணவன் கிண்டல் செய்தான். அவளும் சிரித்தாள். அலுவலகத்தில் மேலதிகாரி மற்றவர்களுக்கு அவளைக் காட்டி, மூளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்.

படத்துக்கு முதன்முதலில் பூ வைத்தவர் எதிர்ப்பக்கம் கடை வைத்திருந்த பஞ்சர் கடைக்காரர். டயருக்கும் கிரீஸுக்கும் நடுவே குனிந்தே கிடந்த மனிதரை அதுவரை எல்லாரும் “ஏ பஞ்சர்” என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் முக்கைக் கூட்டி விளக்கேற்ற ஆரம்பித்தபின் “அண்ணே” என்றார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பளிங்கு மாடம் வாங்கி வைத்தபின் “தலைவரே” என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு அவர் நிமிர்ந்து நிற்கப் பழகியிருந்தார். மாடம் வைக்க முக்கில் சமதளமாக இருந்த ஒரே இடம் வால்வுக் குழியின் மூடிதான். வால்வுத் தொழிலாளி வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். பொறியாளர் யோசித்துவிட்டு, வால்வைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள், கீழ்த்தெருவுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வந்துவிட்டுப் போகட்டும் என்றாள். யாரும் குறை சொல்லவில்லை.

சொன்னவள் ஒருத்திதான். அந்தச் சுவர் நிழலில் மிதி மிஷின் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த கீழ்த்தெருத் தையல்காரி. அத்தனை நாற்றத்திலும் அங்கேயே உட்கார்ந்து பிழைத்தவள். வேலி போட வந்தவர்கள் மரியாதையாகத்தான் அவளை எழுப்பினார்கள். உங்க ஆளுங்க இங்க உக்காந்தா நல்லா இருக்காதும்மா, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோங்க என்றார்கள். அவள் குடிநீர் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடி சொன்னாள்: “குப்பை இருந்தப்போ அங்க எனக்கும் ஒரு எடம் இருந்துச்சு மேடம். இப்போ சுத்தமாயிடுச்சு. எனக்கு எடமில்ல.”

பேசிப் பார்க்கிறேன், நீங்களும் கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று பொறியாளர் அவளை அனுப்பிவைத்தாள். பேசவில்லை. மறந்துபோனாள்.

இப்போது முக்கிலிருந்தே மேலதிகாரிக்குப் போன் செய்தாள். மாடத்தை நகர்த்த எழுத்தில் உத்தரவு வேண்டும் என்று கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார். எழுத்தில் எதுவும் கேட்காதே, மத விஷயம், கை வைத்தால் ஊரே பற்றிக்கொள்ளும், இனிக்கப் பேசி முடி என்றார். அன்றைக்கு மூளை என்று பாராட்டினவர், இன்றைக்கு அந்த டைல்ஸ் சமாசாரமே தனக்குத் தெரியாது என்றார். மேலிடத்திலிருந்து சொன்னால் வருகிறோம் என்றது போலீஸ். வால்வுத் தொழிலாளி மாடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். “நான் பிள்ளகுட்டிக்காரன் மேடம்” என்று, வால்வைத் திருகும் நீண்ட இரும்புச் சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

மத்தியானம் மருத்துவமனைக்குப் போனாள். கட்டில் கிடைக்காதவர்களைத் தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். ஜன்னல் கம்பிகளில் வரிசையாக சலைன் பாட்டில்கள் தொங்கின. வெயில் அவற்றுக்குள் நுழைந்து, பாய்களின்மேல் நீர்நிழலாக ஆடிக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதை அழகு என்று சொல்லியிருக்கலாம். அந்த நிழல்களில் ஒன்றின் கீழே தையல்காரியின் மகள் கிடந்தாள். கண் பாதி மூடியிருந்தது. உதடு வெடித்திருந்தது. அவள் பாதத்தைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

“தண்ணிய நிறுத்திட்டீங்களா மேடம்?”

“இன்னும் இல்ல.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. பொறியாளரே சொன்னாள். மாடத்தைச் சொன்னாள், மூடியைச் சொன்னாள், மூடிக்கு அடியில் இருந்ததைச் சொன்னாள். தையல்காரி மகளின் மற்றப் பாதத்தை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

“அதுக்கு அடியில எங்க தெருத் தண்ணி இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கு அவ்வளவு சுலபமா எழுந்து வந்திருக்க மாட்டேன்.”

தாழ்வாரத்தின் கடைசியில் யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினாள். தையல்காரி திரும்பிப் பார்க்காமல், குரலை வைத்தே, அது எந்த வீடு என்று சொன்னாள்.

சாயங்காலம் பொறியாளர் இரும்புச் சாவியோடு முக்குக்குத் திரும்பி வந்தாள். வேலியின் கதவைத் திறந்தாள். சிவப்பு பல்பின் வயரைப் பிடுங்கினாள். சாவியைச் சுவரில் சாத்திவிட்டுப் பளிங்கு மாடத்தின் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அவ்வளவுதான், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாமல் கூட்டம் சேர்ந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் கையில் டயர் நெம்பும் கம்பியோடு ஓடிவந்தவர், கம்பி கையில் இருப்பது நினைவுக்கு வந்து, வெட்கத்தோடு அதைக் கீழே போட்டார்.

“யார் கேட்டு இதுல கை வைக்கிறீங்க? உத்தரவு இருக்கா?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“இல்ல. அன்னிக்கு டைல்ஸ் ஒட்டினப்பவும் உத்தரவு இல்ல. அப்போ யாருமே கேக்கலையே.”

கூட்டம் சலசலத்தது. அதை விலக்கிக்கொண்டு தையல்காரி வந்தாள். மகளுக்குத் துணையாகத் தங்கையை உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள். யாரையும் பார்க்காமல் வேலிக்குள் நுழைந்து, மாடத்தின் அந்தப் பக்கத்தைப் பிடிக்கக் குனிந்தாள். சலசலப்பு சட்டென்று அடங்கியது. முன்பைவிட அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

“நீங்க வேண்டாம்மா” என்றாள் பொறியாளர்.

“என் பொண்ணு கிடக்குறா மேடம்.”

“தெரியும். உங்க கை பட்டா இது வேற கதையாயிடும். இன்னிக்கு ராத்திரி உங்க தெருவுல கல்லு விழும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

தையல்காரி நிமிர்ந்தாள். முன்பு அவள் மிஷின் இருந்த இடத்தில், சுவரை ஒட்டிப் போய் நின்றாள். இந்தத் தடவை அவளை அங்கிருந்து யாரும் எழுப்பவில்லை.

பொறியாளர் பஞ்சர் கடைக்காரரைப் பார்த்தாள். மற்றவர்களும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

“எனக்கு நம்பிக்கை கிடையாதுண்ணே. உங்க நம்பிக்கைய ஒரு வெளக்குமாறா எடுத்துத்தான் குப்பையக் கூட்டினேன். அது உங்களுக்கு நான் பண்ணின அவமானம். இந்தச் சுவரு அரசாங்கத்தோடது. அப்படின்னா இந்த அம்மாவோடதும்தான். அதுல ஒருத்தரோட கடவுள உக்கார வச்சு, இன்னொருத்தர எழுப்பி விட்டேன். அது இவங்களுக்குப் பண்ணின துரோகம். கடவுள் உங்க வீட்ல இருக்கட்டும், உங்க கடையில இருக்கட்டும், நீங்க கட்டின எடத்துல இருக்கட்டும். அதுல யார் வந்து கை வச்சாலும் நான் உங்க பக்கம் நிப்பேன். ஆனா எல்லாருக்கும் தண்ணி குடுக்குற எடத்துல எந்த மதமும் உக்காரக் கூடாது. அரசாங்கத்து ஆளுங்க நாங்க உக்கார வைக்கவே கூடாது. வச்சா என்ன ஆகும்னு ஆஸ்பத்திரி தாழ்வாரத்துல போய்ப் பாருங்க.”

எங்கோ ஒரு வீட்டில் குழாய் திறந்து குடம் நிரம்புகிற சத்தம் கேட்டது. கீழ்த்தெருப் பக்கமிருந்துதான் அது வந்தது.

“தலைவரே, விடாதீங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பஞ்சர் கடைக்காரர் அந்தக் குரலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கடையைப் பார்த்தார். சுவரில் தொங்கும் டயர்கள், காற்றடிக்கும் பம்பு, வாசலில் அவர் உட்காரும் மரப்பெட்டி. ஒரு மாடம் வைக்கிற அளவுக்கு அங்கே இடம் இருக்கத்தான் செய்தது. பிறகு சுவரோரம் நின்ற தையல்காரியைப் பார்த்தார். அவர் முதல் தடவையாக விளக்கேற்றிய அன்றைக்கு, திரி போட ஒரு துண்டுத் துணி கிழித்துக் கொடுத்தவள் அவள்தான். அது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

பொறியாளர் மறுபடியும் குனிந்து மாடத்தின் தன் பக்கத்தைப் பிடித்தாள். பளிங்கு குளிர்ந்து கிடந்தது. ஒற்றை ஆளாக இழுத்தால் சாய்ந்து உடையும்; உடைந்தால் கதை முடிந்தது. அது அவளுக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும்.

“இது ரெண்டு ஆள் வேலைண்ணே. உங்க கடை வாசல் வரைக்கும்தான். அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க.”