தக்கை வாசனை

கோப்பையை மூக்கருகே கொண்டுபோன நாத்தனார் ஒயினைப் பார்க்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணியின் முகத்தைத்தான் பார்த்தாள். அண்ணிக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. கொஞ்ச மாதமாகவே இப்படித்தான். திங்கட்கிழமை காலைகளில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, புதிதாக வந்த ஒயின்களை நாத்தனார் ருசி பார்ப்பாள். முன்பெல்லாம் அந்த மேசைப் பக்கமே அண்ணியை அண்டவிட மாட்டாள், சோப்பு வாசனை கோப்பையில் ஏறிவிடுமாம். இப்போது என்னவென்றால், "சும்மா ஒரு தடவ மோந்து பாருங்க அண்ணி" என்று முதல் கோப்பையை அண்ணியிடம்தான் நீட்டுகிறாள். திடீரென்று இத்தனை பாசம் பொங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அண்ணிக்குச் சந்தேகம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை என்பதும் உண்மைதான். யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட, விடிந்துவிட்டதா என்று ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள் என்பது கணவரின் கேலி. அவர் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிஐடி.

கடை கணவருடையது, கல்லா அவளுடையது. ஆனால் கடையின் பெயர் நிலைத்திருந்தது நாத்தனாரின் அட்டைகளால். தெருக்கோடியில் இருந்த பெரிய கடையில் எல்லாப் பிரபலமான பெயர்களும் மலிவாகவே கிடைத்தன. அதோடு மோத முடியாது. இந்தச் சின்னக் கடைக்கு ஆட்கள் வந்தது, பாட்டில் கழுத்தில் நூலில் தொங்கிய அட்டைகளைப் படிக்கத்தான். 'போர்தோ என்ற பெயருக்கு ஏன் காசைக் கொட்டுகிறீர்கள்? பெர்ஜெராக் பக்கத்து வீடு. அதே திராட்சை, பாதி அலட்டல்' என்று ஒன்றில் எழுதியிருப்பாள். ஜார்ஜியாவிலிருந்து வந்த, மண்சாடியோடு புதைத்துப் புளிக்கவைத்த ஒயினுக்கு, 'தேநீர் நிறத்தைப் பார்த்து மிரள வேண்டாம். முதல் வாய் சண்டை போடும், இரண்டாம் வாய் சமாதானம்' என்று எழுதினாள். யாரும் கேள்விப்படாத ஊர்களின் பாட்டில்கள் அந்த அட்டையை நம்பித்தான் வீடுகளுக்குப் போயின. நல்ல சரக்கு, நியாய விலை, சொல்வதற்கு ஒரு ஆள். இதில் மூன்றாவது பொய்யென்று தெரிந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்த மூன்றாவதில்தான் அண்ணிக்கு உறுத்தல். இந்தப் பருவத்தில் அட்டை தொங்கிய பாட்டில்களில் பாதிக்கு மேல் ஒரே ஏஜெண்டின் சரக்கு. அந்த ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தோட்டம் எந்த மலைச்சரிவில் இருக்கிறது, என்ன வாசனை வரும் என்றெல்லாம் ஊற்றுவதற்கு முன்பே கதையளப்பான். ஒரு காலத்தில், "நான் குடிச்சு முடிச்சப்புறம் பேசுங்க" என்று ஏஜெண்டுகளின் வாயை அடைத்தவள், இவன் பேசப்பேசத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அவன் சொன்ன வார்த்தைகள் அட்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவன் ஏதோ காசு தள்ளுகிறான், இவள் வாங்கிக்கொள்கிறாள் என்று அண்ணி முடிவுக்கு வந்துவிட்டாள். முகத்தை முகத்தைப் பார்ப்பதுகூட, தனக்கு விஷயம் தெரிந்துவிட்டதா என்று வேவு பார்க்கத்தானே? கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். தங்கையின் நாக்கைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். கையும் களவுமாகப் பிடித்தால்தான் இந்த மனிதருக்கு உறைக்கும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழி பிறந்தது. வாடிக்கையாக வரும் பல் டாக்டர் ஒரு பாட்டிலைத் திறந்த கையோடு திருப்பிக் கொண்டுவந்தார். தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்திருந்தது. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்தால் வருமே, அந்த வாசனை. குடித்தே பழக்கமில்லாத அண்ணிக்கே குமட்டியது. டாக்டருக்கு வேறு பாட்டில் கொடுத்து அனுப்பிவிட்டு, இதை அவள் கொட்டவில்லை. ருசி பார்க்கும் பாட்டில்களுக்குச் சுற்றுவதுபோல, பெயர் தெரியாதபடி காக்கிக் காகிதம் சுற்றி வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, ஏஜெண்டு புதிதாகக் கொடுத்துவிட்டுப் போனது என்று சொல்லி அதை மேசையில் வைத்தாள். நேர்மையானவள் என்றால் மோந்த உடனே கொட்டச் சொல்வாள். காசு வாங்கியவள் என்றால் ஏஜெண்டின் சரக்கென்று புகழ்வாள். வழக்கம்போல முதல் கோப்பை அண்ணியிடம் வந்தது. திட்டம் வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி மோப்பதுபோல் பாசாங்கு செய்தாள். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. நாத்தனார் அவளையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கோப்பையைச் சுழற்றி, மோந்து, ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினாள்.

"நல்லாத்தான் இருக்கு. கறுப்புச் செர்ரி, கொஞ்சம் ஈரமண்ணு. அட்டை எழுதிடலாம்."

பாட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டு, நாத்தனார் அட்டை எழுதப் பின்னறைக்குப் போனாள். அண்ணிக்கு வெற்றியில் தலைகால் புரியவில்லை. கணவர் கிடங்கில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். நேராகப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து, அந்தப் பாட்டிலை அவர் மூக்கில் வைத்து அழுத்தத்தான் கிளம்பினாள். போகிற வழியில் பின்னறையிலிருந்து தீய்ந்த நாற்றம் அடித்தது.

காபிக்கு வைத்த பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. அடுப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, நாத்தனார் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாத கையெழுத்து. அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். இத்தனை நாற்றத்தில் ஒருத்தி இவ்வளவு நிம்மதியாக எழுத முடியுமா? மெதுவாகப் போய் அடுப்பை அணைத்தாள். அந்தச் சத்தத்துக்குத்தான் நாத்தனார் திரும்பினாள். பாத்திரத்தைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டாள் அண்ணி.

சில மாதங்களுக்கு முன் வந்த காய்ச்சலுக்குப் பிறகு என்றாள் நாத்தனார். புளிப்பும் துவர்ப்பும் நாக்குக்குத் தெரிகிறதாம், வாசனை மட்டும் திரும்பி வரவே இல்லையாம். அண்ணனிடம் சொன்னால், பாவம் என்று தட்டிக்கொடுத்து வீட்டில் உட்காரவைத்து விடுவார், அதற்குப் பிறகு இந்தக் கடையில் தனக்கு என்ன வேலை என்றாள். அண்ணிக்கு வெற்றியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எங்கே வைப்பதென்று தெரியாத நிலை. ஆனாலும் சிஐடி சிஐடிதானே. வாசனையே தெரியாதவள் எழுதிய ஒரு அட்டைகூட இதுவரை பொய்த்ததில்லையே, அது எப்படி? கேட்க வாயெடுத்தபோதே பதில் தெரிந்துவிட்டது.

"என் மூஞ்சியப் பாத்தா எழுதின?"

"வார்த்தை ஏஜெண்டுகிட்ட வாங்கிக்குவேன். நல்லதா கெட்டதான்னு உங்களப் பாத்துத்தான். பிடிச்சிருந்தா உங்க புருவம் ஏறும். பிடிக்கலன்னா மூக்கு சுருங்கும். இன்னைக்கு நீங்க மூஞ்சிய மூடி வெச்சுட்டீங்க. மூக்கு சுருங்கலையேன்னு அவன் வழக்கமா சொல்ற வார்த்தையையே சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

நாத்தனார் கருகிய பாத்திரத்தையே பார்த்தாள். "கேட்டா நிஜத்த சொல்லுவீங்களான்னு சந்தேகம் அண்ணி. மூஞ்சி பொய் சொல்லாது."

ஊரையே சந்தேகப்பட்டவளுக்குத் தன்னையும் ஒருத்தி சந்தேகப்படலாம் என்று தோன்றியதே இல்லை. சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள்? நேராகக் கணவரிடம் ஓடியிருப்பாள். அது இருவருக்குமே தெரியும். அவள் அந்த அட்டையைக் கிழித்தாள். பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

அந்த வாரம் முழுக்கக் கணவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. சொல்லமாட்டாள் என்ற நம்பிக்கை நாத்தனாருக்கு இல்லை. கணவனும் மனைவியும் கிடங்கில் நின்று பேசினால், இந்தப் பக்கம் கோப்பை கழுவுகிற சத்தம் நின்றுபோகும்.

அடுத்த திங்களன்று ஏஜெண்டு தாவோ என்ற வட்டாரத்தின் சிவப்பு ஒயினோடு வந்தான். அங்கே இருப்புத் தீர்க்கிறார்கள், ஒரு வேன் நிறைய எடுத்தால் இந்த விலை மறுபடி வராது என்றான். அவ்வளவையும் எடுத்து அது சரியில்லாமல் போனால் கடை எழுந்திருக்காது. கணவர் தங்கையைப் பார்த்தார். "நீ சொன்னா எடுத்துடறேன்."

நாத்தனார் முதல் கோப்பையை அண்ணியிடம் நீட்டினாள். ஒரு புருவத்தைப் பொய்யாக ஏற்றினால் போதும், இவள் பெயர் இன்றோடு முடிந்தது என்று அண்ணிக்குத் தோன்றியது. அதே எண்ணம் எதிரே இருப்பவள் கண்ணிலும் தெரிந்தது. பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. ஆனால் உண்மை சொல்லவும் முகம் வரவில்லை. புருவம் எங்கே இருக்கிறது, மூக்கு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிய, முகமே இரவல் வாங்கியதுபோல் விறைத்தது. கணவர் காத்திருந்தார். ஏஜெண்டு வாயைத் திறக்கப் போனான். அவனைக் கையமர்த்திவிட்டு, அண்ணி கண்களை இறுக மூடிக்கொண்டு கோப்பைக்குள் மூக்கை விட்டாள்.

வாசனை ஏறியது. முகம் தானாக என்னவோ செய்தது. என்ன செய்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணைத் திறக்குமுன் எதிரே நாத்தனார் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.