யாரோ சமைத்த மீன்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிவைத்தவர் எங்கள் ஆலை கேன்டீனில் ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். இங்கே உப்புப் போட்டவளை யாரும் நினைப்பதில்லை. உப்புக் குறைந்தால்தான் நினைக்கிறார்கள். அதுவும் வரிசையில் நின்று, கரண்டியால் தட்டைத் தட்டி, "இன்னைக்கு யாரு சமையல்?" என்று கத்தி நினைக்கிறார்கள். வேறு யார், நான்தான். பகலில் ஆலையில் முந்நூறு பேருக்கு, ராத்திரி வீட்டில் மூன்று பேருக்கு. முந்நூறு பேராவது பரவாயில்லை, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள்.

கேன்டீனில் கரப்பான் மருந்து அடிக்கிறார்கள் என்று ஒரு நாள் லீவு விட்டார்கள். அன்றைக்கு என் கணவருக்கும் வார விடுமுறை. "எங்கயாவது போவோமா? நீயே சொல்லு" என்றார். இந்த மனுஷர் வாயிலிருந்து 'நீயே சொல்லு' வந்த ஆச்சரியத்திலிருந்து மீளவே எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

எங்கே போகவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் கண் பரிசோதனைக்காக ரயிலில் நகரத்துக்குப் போயிருந்தேன். ஸ்டேஷனுக்கு எதிரே கண்ணாடி போட்ட ஒரு ஓட்டல். உள்ளே என் வயசு இருக்கும், ஒரு அம்மாள் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சர்வர் வந்து, குனிந்து, அவள் கிண்ணத்தில் சூப் ஊற்றினான். ஆவி பறந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் வெயிலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூப்புக்கு ஆசைப்பட்டேன் என்று சொல்லமாட்டேன். அந்த நிமிராமைக்குத்தான் ஆசைப்பட்டேன்.

"அந்த ஓட்டல்ல உக்காந்து சாப்பிடணும். யாரோ சமைச்சது, யாரோ பரிமாறினது, சூடா. வேற எதுவும் வேண்டாம். வீட்லேருந்து ஒரு துரும்புகூடக் கட்டி எடுத்துட்டு வரக்கூடாது" என்றேன். கணவர், எங்களோடு இருக்கும் அவருடைய அக்கா (எனக்கு அண்ணி), என் மகள், மூன்று பேரும் தலையாட்டினார்கள். ராத்திரி களைத்து வந்து அடுப்பைத் தொடவேண்டாமே என்று முந்தின நாளே கோழி வறுத்து, முட்டை அவித்து, உருளைக்கிழங்கு வதக்கி, சோறும் வடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். அவ்வளவு முன்யோசனை எனக்கு.

என் கணவர் டவுன் பஸ் டிரைவர். கதவை மூடினால் மூடியதுதான், ஓடி வருகிறவர்களுக்காகத் திறக்கமாட்டார். ஒருமுறை சொந்த அக்காவே குடையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தும் விட்டுவிட்டுப் போய்விட்டார். "நேரம்னா நேரம்க்கா" என்றார் வீட்டுக்கு வந்து. அண்ணி மழையில் நனைந்து வந்த அந்தச் சேலையை இன்னும் எடுத்துக் காட்டுவாள். அண்ணிக்கு வேலை மருந்துக்கடையில். உலகத்தில் இருக்கிற எல்லாப் பண்டமும் அவளுக்கு ஏதோ ஒரு நோயின் ஆரம்பம்.

ரயிலில் ஏறியதிலிருந்து என் கணவர் வண்டி ஓட்டுகிறவனைத் திட்டிக்கொண்டே வந்தார். "பிரேக் பிடிக்கிற லட்சணத்தப் பாரு. லைசென்ஸ சந்தையில வாங்கியிருப்பான்." அண்ணி சீட்டைத் துடைத்தாள், ஜன்னல் கம்பியைத் துடைத்தாள், கடைசியில் என் மகளின் கையையும் பிடித்துத் துடைத்தாள். மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நகரத்தைத் தொடும் சமயத்தில் ஏதோ சிக்னலில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். வெளியே ஒரு சுவரும் அதன்மேல் ஒரு பூனையும். பூனை தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, இறங்கிப் போயே போய்விட்டது.

"என் பஸ் இப்படி நின்னா பொம்பளைங்களே இறங்கித் தள்ளிடுவாங்க" என்றார் கணவர்.

இறங்கும்போது எனக்கு நல்ல பசி. காலையில் வேண்டுமென்றே காப்பியோடு நிறுத்தியிருந்தேன். ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றால், எதிரே அதே கண்ணாடி, அதே வெள்ளை மேஜைவிரிப்பு. நான் ரோட்டைக் கடக்கக் காலை எடுத்து வைத்துவிட்டேன்.

"இரு இரு. இது எங்க ஓடிப்போகப்போகுது? ஸ்டேஷன் எதிர்லதான இருக்கு, திரும்பும்போது சாப்பிட்டுக்கலாம். முதல்ல ஊரப் பாப்போம்" என்றார்.

ஊர் என்றால் என்ன? புது பஸ் நிலையம். ஆமாம், லீவு நாளில் பஸ் டிரைவருக்குப் பஸ் பார்க்கவேண்டும். சத்தமே இல்லாமல் ஓடுகிற கரன்ட் பஸ்ஸாம். ஒவ்வொன்றின் முகத்துக்கு முன்னாலும் போய் நின்று, சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி பார்த்தார். அங்கிருந்த டிரைவர்களோடு ஸ்டியரிங்கைப் பற்றிப் பேசினார். பேசினார், பேசினார். பிறகு அண்ணிக்குத் திரைச்சீலைத் துணி. கடைக்காரன் பீரோவையே கவிழ்த்துக் காட்டியும், "எல்லாத்துலயும் தூசி ஒட்டும்" என்று ஒன்றும் எடுக்காமல் வெளியே வந்தாள். பிறகு மகளுக்கு ஷூ. அதை என்னால் சொல்லவே முடியாது, இப்போது நினைத்தாலும் குதிகால் வலிக்கிறது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதைதான், ஒவ்வொரு கடையும் என்னை அந்த ஓட்டலிலிருந்து இன்னொரு தெரு தள்ளிக் கொண்டுபோனது.

கடைசியில் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தோம். "இப்பவாவது போவோமா?" என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அண்ணிதான் முதலில் பையைத் திறந்தாள். "கோச்சுக்காதம்மா. வெளிச் சாப்பாடு நமக்கு ஒத்துக்காது. சும்மா ஒரு வாய்க்குன்னு எடுத்துட்டு வந்தேன்." டப்பாவைத் திறந்தாள். என் சோறு, அதன்மேல் என் உருளைக்கிழங்கு.

"அட, நீயுமா?" என்று சிரித்துக்கொண்டே கணவர் காலையிலிருந்து கையில் மடித்து வைத்திருந்த மழைக்கோட்டுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். என் கோழி. மகள் ஷூ டப்பாவுக்குப் பக்கத்தில் நான்கு அவித்த முட்டைகளை வைத்தாள்.

மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆளுக்கொரு நேரத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து, ராத்திரிக்கென்று நான் சமைத்து வைத்ததைத் துடைத்து எடுத்து வந்திருக்கிறார்கள். இப்படி ஒரு காரியத்தை எங்கள் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் செய்திருக்கமாட்டார்கள். என் வயிறு எரிந்தது, பசியிலா ஆத்திரத்திலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"உனக்குச் சிரமம் வேண்டாம்னுதான் நாங்களே கட்டினோம்" என்றார் கணவர்.

"சமைச்சது யாரு?"

"அதான் நல்லா இருக்கேம்மா" என்றாள் மகள், வாய் நிறைய முட்டையோடு. "நீயும் சாப்பிடு. வீணாப் போயிடும்."

நான் தொடவில்லை. பசிக்கவில்லை என்று சொன்னேன். நம்பிவிட்டார்கள். அதுதான் இன்னும் கோபம்.

எல்லாம் முடிந்து அந்த ஓட்டலுக்குள் நுழைந்தபோது வெளியே விளக்கு போட்டுவிட்டார்கள். மெத்தை வைத்த நாற்காலி. உட்கார்ந்ததும் இடுப்பு "அப்பாடா" என்றது எனக்கே கேட்டது. சர்வர் குனிந்து, "என்ன சாப்பிடறீங்கம்மா?" என்றான். என்னைக் கேட்டான். சூப்பும் வறுத்த மீனும் சொன்னேன். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், வயிறு ரொம்பிடுச்சு" என்றார்கள் மற்ற மூவரும்.

சூப் பெரிய கிண்ணத்தில் வந்தது, கூடவே ஒரு கரண்டியும் நாலு சின்னக் கிண்ணங்களும். ஆவி பறந்தது. வயிறு நிரம்பியவர்கள் மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"வாசனையா இருக்கே. ஒரு வாய் ருசி பாக்கலாம்" என்று கணவர் கிண்ணத்தை நீட்டினார். அண்ணி நீட்டினாள். மகள் போனைப் பார்த்தபடியே நீட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்றேன். கரண்டியைக் கையில் எடுத்தேன். ஒவ்வொருவராக ஊற்றி, "இன்னும் கொஞ்சம்?" என்று வேறு கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இங்க கொஞ்சம் தண்ணி" என்றார். நான் ஜக்கை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு ஊற்றினேன். ஊற்றி முடித்து, மேஜையில் சிந்தியதைத் துடைக்கத் துணி தேடும்போதுதான் எனக்கு உறைத்தது.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கணவரும் சிரித்தார். சர்வர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அவசரமாக வந்து என் கையிலிருந்து ஜக்கை வாங்கிக்கொண்டான். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சாப்பாடு, அதையும் என் கையே கெடுத்துக்கொண்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைதான் சத்துரு.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் பங்கு சூப் ஆறி, மேலே ஏடு படிந்திருந்தது. மீன் அப்போதுதான் வந்தது, எண்ணெய் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கணவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டிக்கு நேரமாச்சு. பார்சல் கட்டச் சொல்லு. வீட்ல போய்ச் சூடு பண்ணிக்கலாம்."

"யாரு சூடு பண்றது?"

அவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் வரலைங்க. நீங்க மூணு பேரும் போங்க. என் டிக்கெட்ட வெச்சிட்டுப் போங்க, அடுத்த வண்டியில வரேன்."

"தனியாவா? அடுத்த வண்டி எப்பன்னு தெரியுமா உனக்கு? விளையாடாத, எந்திரி."

"நேரம்னா நேரம். நீங்க கிளம்புங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் டிக்கெட்டை மேஜையில் வைத்தார். நான் பின்னாலேயே ஓடி வருவேன் என்று நினைத்துத்தான் வைத்தார், அந்த முகம் எனக்குத் தெரியாதா? மூன்று பேரும் ரோட்டைக் கடந்து போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

சர்வர் வந்து ஒன்றும் கேட்காமல் ஆறிய சூப்பை எடுத்துப் போனான். சூடாக வேறு கொண்டுவந்து, குனிந்து ஊற்றினான். நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் கண் கலங்கியிருப்பது தெரிந்துவிடும். எதிரே ஸ்டேஷனில் வண்டி ஊதிக்கொண்டு கிளம்பியது. போகட்டும் என்று நினைத்தேன். ஒரு வாய் குடித்தேன், இன்னொரு வாய் குடித்தேன். இரண்டு உள்ளங்கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தேன்.

மீனில் கை வைக்கும்போது கதவு திறந்தது. முன்னால் அண்ணி, பின்னால் மகள், கடைசியாக என் கணவர், வேர்த்து விறுவிறுத்து.

"கார்டுகிட்ட போய்க் கெஞ்சுறான்டி உன் புருஷன்" என்றாள் அண்ணி, உட்காருவதற்கு முன்னாலேயே. "'ஒரே ஒரு நிமிஷம் நிறுத்துங்க, என் வீட்டுக்காரி ஓடி வந்துட்டு இருக்கா'ன்னு. அந்த ஆள் இவன் மூஞ்சியக்கூடப் பாக்காம கதவ மூடிட்டான். இப்பத் தெரியுதாடா, அன்னைக்கு மழையில எனக்கு எப்படி இருந்துச்சுன்னு?"

கணவர் எதிரே உட்கார்ந்தார். ஓடி வரவில்லை என்று நானும் அவரைத் திருத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கை, பழக்கதோஷம், என் மீனில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டது. மென்றார். முகம் சுளித்தது.

"உப்பே இல்லையே" என்று என்னைப் பார்த்தார்.

இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் நான் பார்த்த அதே பார்வை.

"நான் சமைக்கலைங்க" என்றேன்.

அவர் விழித்தார். அந்த நேரம் பார்த்து சர்வர் வந்து, "எல்லாம் நல்லா இருக்குங்களா சார்?" என்று கேட்டான். என் கணவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, "ரொம்ப நல்லா இருக்குப்பா. சமையல்காரர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகம் தெரியாத ஒருவன் உப்பில்லாமல் வறுத்த மீனுக்கு இவ்வளவு மரியாதை. மகள்கூடப் போனைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் இந்த வார்த்தை எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். "என் கோழிக்கு? இன்னைக்கு மத்தியானம் பெஞ்சில உக்காந்து எலும்பக்கூட விடாமச் சாப்பிட்டீங்களே, அதுக்கு?"

அண்ணி கைக்குட்டையால் சுத்தமாக இருந்த மேஜையையே துடைத்தாள். கணவர் எழுந்து போய், பக்கத்து மேஜையிலிருந்து உப்புக் குப்பியை எடுத்து வந்தார். என் தட்டுக்கு மேல் அதைக் கவிழ்க்கப் போனவர், நடுவில் நிறுத்தினார்.

"எவ்வளவு போடணும்?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"நீங்களே போட்டுப் பாருங்க. குறைஞ்சா நான் சொல்றேன்" என்றேன்.