ஹால்வோருக்கு ஒதுக்கிய மேட்டு நிலம்

அந்த ஜனவரிப் பனிப்புயலுக்குப் பிறகு ராக்னா தன் கணவன் ஹால்வோரைப் பன்னிரண்டு நாள் தேடினாள். நெப்ராஸ்காவின் வெட்டவெளியில் பதினோரு நார்வேக் குடும்பங்கள் குடியேறி மூன்றே வருஷம் ஆகியிருந்தது. பதின்மூன்றாம் நாள் பக்கத்து நிலத்துக்காரன் சீவர், ஓடைக்கரையில் ஹால்வோர் ஏறிப்போன குதிரை விறைத்துக் கிடப்பதைக் கண்டான். அதன் முதுகில் ஹால்வோரின் கம்பளிக் கோட்டு போர்த்தியிருந்தது. ஆளைக் காணோம். ஓடையில் பனிக்கட்டி உடைந்து கிடந்தது; அதில் விழுந்து மூழ்கியிருப்பான் என்று முடிவு கட்டினார்கள். அதற்கு மேல் தேட யாருக்கும் மனம் வரவில்லை.

ஊருக்கு அதுவரை இடுகாடு கிடையாது. ராக்னா தன் நிலத்தில் மேடான இரண்டு ஏக்கரை ஊருக்கே எழுதிக் கொடுத்தாள்.

"கோதுமை பொன்னா விளையற மண்ணாச்சே, ராக்னா" என்று சீவர் தயங்கினான்.

"மழை பெஞ்சா தண்ணி நிக்காத இடம் அது ஒண்ணுதான். அந்த மனுஷனுக்குத் தண்ணி பட்டது போதும்."

மார்ச்சில் மண் இளகியதும் உடலுக்குப் பதிலாக அந்தக் கோட்டைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். பாதிரியார் ஜெபம் சொன்னார். சீவர் பெயர் செதுக்கிய பலகையை நட்டான்.

மே மாதம் ராக்னா மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ ஆழமாவா போடுவாங்க?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

விதைப்பை கைநழுவி விழுந்தது. திரும்பினாள். தாடியும் கோலுமாக ஹால்வோர் நின்றான். அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு நெஞ்சிலே ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"எங்கய்யா போன?"

"குதிரை நடுங்கிச்சேன்னு கோட்டைப் போத்திட்டு உதவிக்கு நடந்தேன். வைக்கோல் போர்ல கெடந்தவனை ரயில்பாதை ஆளுங்க தூக்கிட்டுப் போனாங்க. ஒமாஹா ஆஸ்பத்திரில கால் விரல் மூணை எடுத்துட்டாங்க. காய்ச்சல் தெளிஞ்சதும் கடுதாசி போட்டேனே."

"வரலையே."

"அப்போ நான் அதை முந்திட்டேன்."

அவன் தோளில் முகம் புதைத்து அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

சாயங்காலம் ஊரே மேட்டில் கூடியது. ஹால்வோர் பலகையைக் குனிந்து படித்தான்.

"என் பேர்ல ஒரு எழுத்தைக் காணோம்."

"செத்தவன் வந்து பிழை திருத்துவான்னு நான் கண்டேனா?" என்றான் சீவர்.

"சரி, என் கோட்டு எங்க?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பாதிரியார் தொண்டையைச் செருமினார். "சொன்ன ஜெபத்தைத் திரும்ப வாங்க எந்தப் புத்தகத்துலயும் வழி இல்ல. நீங்க தோண்டுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன்."

தோண்டினார்கள். கோட்டு கொஞ்சம் மக்கியிருந்தது. ஹால்வோர் அங்கேயே உதறிப் போட்டுக்கொண்டான்.

"இனி இங்கயும் உழுதுடலாம். ஆளே இல்லாத இடுகாடு எதுக்கு?"

"குடுத்தது குடுத்ததுதான்" என்றாள் ராக்னா. "ஆளுங்க வராமயா போவாங்க? அவசரமில்லாம வரட்டும்."

சீவரின் அப்பா தார்யேய்க்கு வயது எண்பத்தெட்டு. அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கிழக்கு மூலையில் புல்மேல் நீட்டிப் படுத்தார்.

"காத்து நல்லா வருது. இந்த இடம் எனக்கு. வேற எவனும் முந்திக்கக் கூடாது."

"நீங்க முதல்ல எந்திரிங்கப்பா" என்று சீவர் கையைப் பிடித்து இழுத்தான்.

வேலி போட்டு முடித்த ஜூன் மாதம், கோடைத் திருநாளை அந்த மேட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். புளித்த பாலாடையில் காய்ச்சிய கஞ்சி, பிடில், ஆட்டம். அது வருஷா வருஷம் நடந்தது. ஆறு வருஷம் ஊரில் ஒரு சாவு விழவில்லை. ஒவ்வொரு கோடையிலும் தார்யேய் தன் மூலையில் படுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்று எழுந்து வந்து இரண்டாம் கிண்ணம் கஞ்சி கேட்டார்.

தொண்ணூற்று நான்காம் வயதில், மதியத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கிழக்கு மூலையில் அடக்கம் முடிந்ததும், ஆட்டம் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டபடியே சீவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடிலை எடுத்தான். முதலில் யாரும் அசையவில்லை. ராக்னாதான் ஹால்வோரின் கையைப் பற்றி இழுத்தாள்.

"வா, பெரியவர் காத்துக்கிட்டிருக்காரு."