நேற்றைய வார்த்தை

தமிழரசன் போட்ட பூட்டை உடைக்க, உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் அத்தனையும் சேர்ந்து உட்கார்ந்தாலும் மூவாயிரம் வருஷம் ஆகும். கணக்குப் போட்டவனும் அவன்தான். கடைசி வருஷ இன்ஜினியரிங்; இது அவன் புராஜெக்ட்.

இரும்புப் பூட்டல்ல, வேறு யாரும் போலிச் சேதி அனுப்ப முடியாதபடி போட்ட ரகசியக் குறியீடு; அது இருந்தது சோப்புப்பெட்டி அளவு ரேடியோப் பெட்டிகளில். மரக்காணம் உப்பளத்தின் கொட்டகையில் ஒன்று, உப்புத்தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் மீட்டரில் ஒன்று, சேதியை வாங்கிக் கடத்த நடு வரப்பில் ஒன்று. கொட்டகையில் பட்டனைத் தட்டினால் 'ஓடு' என்ற சேதி பூட்டோடு மோட்டாருக்குப் பறந்து போகும். பென்சில் பேட்டரி ஒரு வருஷம் வரவேண்டுமே, அதனால் தினமும் அதே சேதி.

அளத்தில் வேலை செய்யும் சாலமனும் அவன் மனைவி பூவிழியும் வேறு முறை வைத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் பக்கத்து அளத்தில் எவனோ "போடு" என்று கத்த, புருஷன் குரலென்று இவள் சுவிட்சைப் போட்டுவிட்டாள். மோட்டார் பெல்ட்டில் அவன் சுண்டுவிரல் போயிற்று. அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் காதில் புதிதாக ஒரு வார்த்தை சொல்வான். அவன் பெல்ட்டில் கை வைத்தால் அவள் கொட்டகையில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள்; அந்த வார்த்தை வந்தால்தான் திரும்ப மாட்டுவாள்.

புருஷன் பெண்டாட்டிக்குள் ராணுவ ரகசியமா என்று தமிழரசன் சிரித்தான். ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டால் என்ன என்றும் கேட்டான்.

"நேத்து வார்த்தை நேத்தோட போச்சு தம்பி. இப்பதான் கூப்பிடுறார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாலமன் நழுவிய பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான். தமிழரசன் பக்கத்தில் நின்றான். பட்டனை யாரும் தொடவில்லை. மீட்டர்ப் பெட்டி 'டக்' என்றது. பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் மட்டும் அசையவில்லை.

காலையில் கடத்திய சேதிக்கு மீட்டரிடமிருந்து பதில் கிடைக்காத நடுப்பெட்டி, தான் கேட்ட 'ஓடு'வை ஞாபகம் வைத்திருந்து அக்கறையாகத் திரும்பச் சொல்லியிருந்தது. பூட்டு உடையவில்லை. சேதிதான் பழசு.

தமிழரசன் கொட்டகைக்கு நடந்தான். பூவிழி ஒரு கையால் இடுப்புக் கட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னான். அவள் திட்டவில்லை. புருஷனுக்கு வைத்திருந்த மோரை எடுத்து நீட்டினாள்.

அடுத்த வாரம் ஒவ்வொரு சேதிக்கும் ஒரு புது எண் வந்தது. ஒருமுறை கேட்ட எண்ணை மீட்டர் மறுபடி ஏற்காது. அதனால் பேட்டரிக்குப் பதினோரு மாதம்தான் ஆயுள். ஹாஸ்டலில் நாற்பது தடவை சோதித்தான்.

பெட்டிகளை மாட்டிப் பார்க்க வந்த அன்று பூவிழி ரேஷன் கார்டுக்காகத் திண்டிவனம் போயிருந்தாள். சாலமன் பெல்ட்டைக் கழற்றப் போனான்.

"அண்ணே" என்று தமிழரசன் மெதுவாகக் கூப்பிட்டான். "இன்னைக்கு இன்னா வார்த்தை?"

சாலமன் பீடி வாயோடு அவன் காதில் குனிந்து சொன்னான்.

கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு தமிழரசன் கொட்டகையில் நின்றான். காற்றைத் தாண்டி "மல்லாட்டை" என்று குரல் வரும்வரை, அரைமணி நேரம், எதையும் தொடவில்லை.