முழங்கை உயரம்

பெட்டி உள்ளே நுழையவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு கல் கிடந்தது.

"இதை யாருப்பா இங்க போட்டது?" என்று கோயிலிலிருந்து சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர் அலுத்துக்கொண்டார். பதில் சொல்ல வேண்டிய சேவியர் உள்ளே கட்டிலில், வெள்ளை வேட்டியும் கையில் ஜெபமாலையுமாகக் கண்ணை மூடிக் கிடந்தான்.

ஐந்தடி நீளமுள்ள கருங்கடப்பா கல் அது. நேற்று மத்தியானம் ஜோசபின் இதே கேள்வியைத்தான் கேட்டாள். "வாசல்லயா போடுவாங்க? போறவங்க வர்றவங்க தடுக்கி விழணுமா?" சேவியர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கத்தாத ஜோசு. மூச்சு வாங்குது. சாயந்தரம் உள்ள வச்சுர்றேன்" என்றான். சாயந்தரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ரிக்‌ஷாவிலேயே எல்லாம் முடிந்துபோனது. அவன் வீட்டில் கடைசியாகக் கேட்டது தன் வசவைத்தான் என்ற நினைப்பு நேற்றிலிருந்து அவளைப் பிடுங்கித் தின்றது. அதோடு அவன்மேல் கோபமும் குறையவில்லை. அதுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

எல்லாம் அந்தச் சமையலறையால் வந்தது. புனே ஏரவாடாவுக்கு எண்பத்தைந்தில் குடிவந்த நாள் முதலாக அவள் முதுகை ஒடித்த அறை. அங்கிருந்த சமையல் மேடையை வீட்டுக்காரர் தன் தாயாரின் உயரத்துக்குக் கட்டியிருந்தார். அந்தம்மா நாலரை அடி, ஜோசபின் ஐந்தே முக்கால். பதினான்கு வருஷமாகச் சோற்றைக் கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் வடித்தாள். இடித்துக் கட்டலாமென்றால், பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தத் தாளில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தது.

இந்த வருஷம்தான் சேவியர் மனமிரங்கினான். ஃபேக்டரி நண்பர் வீட்டில் மிஞ்சிய சந்தன நிற பெயிண்டை வாங்கிவந்து புகை படிந்த சுவரில் அடித்தான். அலமாரித் தட்டுகளில் பூப்போட்ட பிளாஸ்டிக் தாளை விரித்தான். மேடைக்கு மட்டும் ஒரு யோசனை வைத்திருந்தான். "சிமெண்டே வேணாம். இருக்கிற மேடைமேல செங்கல், செங்கல்மேல கல்லு. காலி பண்ணும்போது நம்ம கல்ல நாம தூக்கிட்டுப் போயிரலாம்." இடித்துப்போட்ட டீக்கடை ஒன்றின் கல்லைப் பழைய சாமான் கடையில் மலிவாகப் பிடித்து, கைவண்டியில் தானே தள்ளிக்கொண்டு வந்தான்.

ஆனால் அதற்கு முன்னால் மூன்று மாதம் அளந்தான். கட்கி ஃபேக்டரியில் லேத் ஓட்டுபவன்; அரை மில்லிமீட்டர் பிசகினால் அவனுக்குத் தூக்கம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவளை வாசல்படியிலேயே மறித்து டேப்பை நீட்டினான்.

"அப்படியே நில்லு. கைய மடக்கு."

"செருப்பையாவது கழட்ட விடுங்க."

"முழங்கையத்தானே அளக்குறேன், காலையா அளக்குறேன்? அசையாத."

அளவைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான். முந்தாநாள் அதன்படி செங்கற்களைப் பழைய மேடைமேல் அடுக்கியும் வைத்துவிட்டான்.

"அண்ணி, இந்தக் கல்ல எங்க வைக்க?" சேவியரின் தம்பி அமல்ராஜ் வந்து நின்றான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"எங்கயாவது வைங்க தம்பி. என் தலையில வைங்க."

"சந்துல கால் வைக்க எடமில்ல, ஜனம் நிக்குது. உள்ள செங்கல் அடுக்கியிருக்கு, அதுமேல வச்சுரவா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஃபேக்டரி ஆட்கள் நாலு பேர் கல்லை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வழியாகவே பெட்டி வந்தது. கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஒருத்தி பக்கத்துக்காரியிடம், "வாடகை வீட்டுக்குப் போயி இவ்ளோ மெனக்கெட்டு உசுர விட்டிருக்காரு பாரு" என்று கிசுகிசுத்தாள். ஜோசபினுக்கு நன்றாகவே கேட்டது. எழுந்து அவளை நாலு கேள்வி கேட்கலாம். ஆனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லையே.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். முன்னறையில் சனம் இன்னும் உட்கார்ந்திருந்தது. மகன் அருண்ராஜ் சுவரோரமாகச் சுருண்டு கிடந்தான்; நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மம்மி, அந்தக் கல்ல வாபஸ் குடுத்துரவா? அதைப் பாக்கவே முடியல எனக்கு."

"கெடக்கட்டும்டா. டீ போட்டுத் தரேன், குடி."

சமையலறைக்குப் போனவளின் பின்னாலேயே மாடிவீட்டுக் கனகவல்லி வந்தாள். "இன்னிக்கு நீங்க அடுப்பு மூட்ட வேணாம்க்கா, நான் கொண்டாரேன். கல்லத் தொடச்சு அடுப்ப மேல தூக்கி வச்சுட்டேன். நல்ல ஒசரமா இருக்கு."

ஜோசபின் கல்லின் முன்னால் போய் நின்றாள். இடுப்பு தானாக வளைந்தது, பதினான்கு வருஷப் பழக்கம். வளைய வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து பால் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைக்கப் போனாள். தோள் தூக்கிக்கொண்டது. முழங்கையைக் கல்லோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். கல் ஒன்றரை அங்குலம் உயரமாக இருந்தது.

அளந்த அன்றைக்கு அவள் காலில் கிடந்தது பூசைக்குப் போட்டுப்போகும் குதிகால் உயர்ந்த செருப்பு.

'மூணு மாசம் அளந்தீங்களே! காலையா அளக்குறேன்னு கேட்டீங்களே!' கோபம் பொங்கிவந்தது. இதற்கு ஒரு வாரமாவது வைத்துத் திட்டலாம். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு, மறுபடி டேப்பை எடுத்திருப்பான். திட்டு வாங்க ஆள் இல்லை.

பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு முன்னறையைக் கடந்து வாசலுக்குப் போனாள். அத்தனை பேர் செருப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தது. தன்னுடையதைத் தேடிக் குனிந்தவள் கையில் சேவியரின் டயர் செருப்பு அகப்பட்டது. இரண்டு விரல் தடிமன் அடி. அதைப் போட்டுக்கொண்டு அவன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாலே சண்டை நடக்கும். சமையலறை வரைக்கும் அதை அவள் ஒருநாளும் விட்டதில்லை.

சேலைத் தலைப்பால் செருப்பைத் துடைத்து, கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அடுப்புக்கு முன்னால் தரையில் போட்டுக் காலை நுழைத்தாள். குதிகாலுக்குப் பின்னால் மூன்று விரற்கடை மிச்சமிருந்தது. கனகவல்லி தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள்.

ஜோசபின் தீக்குச்சியைக் கிழித்து அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கும்வரை அங்கேயே நிமிர்ந்து நின்றாள்.