ஒரே சரக்குக்கு இரண்டு பில்

கட்டிய புருஷனோடு ஒரே வீட்டில் இருப்பதற்கு விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். வரி தனி. விசா கிடைக்காமல் போனாலும் ஏஜெண்டுக்குக் கொடுத்தது திரும்பாது.

விலை சொன்னவர் விசா ஏஜெண்ட். எந்தப் பேச்சையும் "சீல் வெச்ச மாதிரி முடிச்சுடலாம்" என்று முடிப்பார் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே சீல். எங்கள் டைல்ஸ் கடையில் நாற்காலி எல்லாவற்றிலும் சாம்பிள் பலகை கிடந்ததால், மாதிரிக்கு வைத்திருந்த குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அவர் இந்தத் தொகையைச் சொன்னார். விழுந்தால் தொட்டிக்குள்தான் விழுவார் என்பது எனக்குச் சின்ன ஆறுதல்.

அப்பா உடனே பேரத்தில் இறங்கினார். டாக்டர் ஃபீஸ் சொன்னால்கூட "கடைசியா சொல்லுங்க" என்று கேட்கிற ஆள் அவர்.

"போன வருஷம் மனைவி விசாவுக்கும் உங்ககிட்டதான் வந்தோம். இப்ப மாணவர் விசாவுக்கும் உங்ககிட்டதான் வர்றோம். ஒரே கஸ்டமர், ரெண்டு ஆர்டர். கழிவு கிடையாதா?"

"முதலாளி, இதுல பெரும்பகுதி காலேஜ் முன்பணம். அப்புறம் தூதரகக் கட்டணம். எனக்கு நிக்கிறது டீக்காசு."

"அந்த டீயில கொஞ்சம் தண்ணி ஊத்துங்கன்னுதான் கேக்கறேன்."

கல்லாவில் இருந்த அம்மா நோட்டு எண்ணுவதை நிறுத்தாமலே, "கல்யாணத்துக்கே இவ்வளவு ஆகல. இப்ப டெலிவரி சார்ஜ் அதை மிஞ்சுது," என்றாள்.

பதினைந்தாயிரம் குறைந்தது. அப்பாவின் முகத்தில், மகளை அனுப்பப்போகிற கவலையைவிட அந்தப் பதினைந்தாயிரம் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு அதில் கோபமில்லை. கவலையைக் காட்ட அவருக்கு வேறு வழி தெரியாது.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் நாங்கள் சேர்ந்திருந்தது மூன்றே வாரம். அவர் வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக். அங்கேயே நிரந்தரமாகத் தங்க உரிமை வாங்கியவர். லீவு முடிந்து திரும்பிப்போனதும் எனக்காக மனைவி விண்ணப்பம் போட்டார். அது அந்த நாட்டில் யாருடைய மேசையிலோ கிடக்கிறது. கம்ப்யூட்டரில் விண்ணப்ப எண்ணைத் தட்டினால் 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். கடை திறந்ததும் தட்டுவேன். டீ வந்தால் தட்டுவேன். ஒரு நாள் மேஸ்திரி ஒருவர் சமையலறைக்கு அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போது, சதுர அடி எழுத வேண்டிய இடத்தில் விண்ணப்ப எண்ணை எழுதிவிட்டேன். அவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "சமையலறைக்குத்தான் கேட்டேன் பாப்பா, ஏர்போர்ட்டுக்கு இல்ல," என்றார்.

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுக்கிய பெட்டியைக் கலைத்து மறுபடி அடுக்குவேன். சாம்பிள் பலகையை நிறவாரியாக வைப்பேன். மறுநாள் அளவுவாரியாக மாற்றுவேன். "அது என்ன பாவம் பண்ணிச்சு, விடு," என்பாள் அம்மா.

பேச்சும் தேய்ந்துகொண்டே வந்தது. ஆரம்பத்தில் போனை வைக்க மனசு வராது. அவர் வேலை பார்க்கிற கட்டடங்கள், மாடிக்கு மாடி ஏறும் மனிதர்கள், பக்கத்து அறைக்காரனின் குறட்டை என்று எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு நான்கே வார்த்தைக்கு வந்து நின்றோம்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு."

டைல்ஸ் ஒட்டுகிற பசை மூட்டையில் காலாவதித் தேதி போட்டிருக்கும். மூட்டையைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தாலும் அந்தத் தேதிக்குப் பிறகு உள்ளேயே இறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் புது மூட்டைதான். தூக்கிப்போட்டால் கல் சத்தம் கேட்கும். எங்கள் கல்யாணமும் அப்படி இறுகிக்கொண்டிருக்கிறதோ என்று பயந்தேன். அதனால்தான் படிப்பு. கட்டடப் பொருள் வணிகத்தில் ஒரு வருடப் படிப்பு; கல்லூரி அவர் அறைக்கு இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி. படிப்பிலும் ஆசை இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பஸ் ஸ்டாப்பில் கூடுதல் ஆசை இருந்தது.

விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் முடிச்சு தெரிந்தது. மனைவி விண்ணப்பத்தில், வந்து அங்கேயே இருந்துவிடுவேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாணவர் விண்ணப்பத்திலோ, படித்து முடித்ததும் திரும்பிவிடுவேன் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். அதில் திரும்புவேன் என்றால் தப்பு. இதில் திரும்பமாட்டேன் என்றால் தப்பு.

சீல் குரலைத் தாழ்த்தினார். "புருஷன் விவரம் கேக்கற கட்டத்தைக் காலியா விட்டுடலாம் தங்கச்சி. ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்ட். ஒருத்தர் பேப்பரை ஒருத்தர் பாக்கமாட்டாங்க."

"எங்க கல்யாண போட்டோ நாற்பது அவங்ககிட்ட இருக்கே."

"அது அடுத்த மாடி."

"மாடிக்கு நடுவுல லிஃப்ட் இருக்கும். எங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் அதை ஓட்டிக்கிட்டுத்தான் இருப்பார்."

அப்பா பேனாவை மூடி வைத்தார். "ஒரே சரக்குக்கு ரெண்டு பில் போட்டவனை எனக்குத் தெரியும். நாலு வருஷம் நல்லாத்தான் ஓடிச்சு. அஞ்சாம் வருஷம் கடையில பூட்டு தொங்கிச்சு. உள்ளதை எழுதுங்க."

"உள்ளதை எழுதினா சீல் வெச்ச மாதிரி சொல்ல முடியாது முதலாளி."

"அப்ப சீலுக்கு எதுக்குக் காசு?"

இன்னொரு ஐந்தாயிரம் குறைந்தது. நான் புருஷன் விவரத்தை முழுக்க எழுதினேன். மனைவி விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்றும், அது கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்றும் தனித்தாளில் எழுதி இணைத்தேன்.

புருஷனிடம் போனில் சொன்னபோது அவர் ஏதோ மொட்டைமாடி மோட்டார் அறையில் இருந்தார். பின்னால் இரும்புக் கயிறு ஓடும் சத்தம் கேட்டது.

"கையில இருக்கறதையும் கெடுத்துக்காத. இது ரிஜெக்ட் ஆனா அந்த ஃபைல்லயும் ஏறும்."

"ஏறட்டும்."

"கொஞ்சம் பொறுமையா இருந்தா என்ன?"

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்டயும் நீங்க இதைத்தான் சொல்வீங்களா?"

"ஆமா. மணி அடிச்சுட்டு அமைதியா இருங்கன்னுதான் சொல்வோம்."

"அவங்க என்ன பண்ணுவாங்க?"

கயிறு நின்றது. "கதவைப் போட்டு உதைப்பாங்க."

"அதைத்தான் நானும் பண்றேன்."

தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பதற்கு ஓர் ஆள். அவர்கள் மொழியில் பரீட்சை எழுதித் தேறியவள்தான் நான். பாதிவரைக்கும் அதிலேயே சமாளித்தேன். 'கணவர் அங்கே இருக்கும்போது நீங்கள் ஏன் திரும்பி வரப்போகிறீர்கள்?' என்று அந்த அம்மா கேட்டதும் நாக்கு தமிழுக்குத் தாவிவிட்டது.

"எங்க கடையில ஒரு வழக்கம் இருக்குங்க. வீடு கட்றவங்க எப்பவும் நாலு பெட்டி கூடுதலா எடுத்துட்டுப் போவாங்க. வேலை முடிஞ்சு மிச்சமானா நாங்க திரும்ப எடுத்துப்போம். நானும் அப்படித்தான். மனைவி விசா கிடைச்சா அங்க இருப்பேன். கிடைக்கலன்னா என் வண்டிக்கூலியில நானே திரும்பிடுவேன்."

அந்த ஆள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். அதிகாரிக்குப் பிடித்துவிட்டது போலிருந்தது. அவர் முன்னால் சாய்ந்து ஏதோ கேட்டார்.

"எல்லாப் பெட்டியையும் எடுத்துப்பீங்களான்னு கேக்கறாங்க."

இங்கேதான் வாய் என்னைக் கேட்காமல் வேலை செய்தது. ஒரு நாளைக்குப் பத்து பேரிடம் சொல்கிற பதில் அது. கடைச் சுவரில் சிவப்பில் எழுதியும் வைத்திருக்கிறோம். "இல்லைங்க. பிரிச்ச பெட்டியைத் திரும்ப எடுக்கமாட்டோம்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மூன்று வாரம் புருஷனோடு இருந்தவள் பேசுகிற பேச்சா இது. அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார். அந்த வாக்கியத்துக்குத் தேவையானதைவிட நீளமாகவே எழுதினார். நான் எழுந்து, பழக்கதோஷத்தில், "போயிட்டு வரேங்க," என்றேன். அந்த ஆள் அதையும் விடாமல் மொழிபெயர்த்தார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க போயிட்டு எங்க வர்றீங்கன்னு கேக்கறாங்க."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. 'உங்கள் கணவர் எங்கள் நாட்டில் நிரந்தரமாக வசிக்கிறார். அவரோடு உங்களுக்குள்ள வலுவான பிணைப்பைக் கருதும்போது, படிப்பு முடிந்ததும் நீங்கள் வெளியேறுவீர்கள் என்று நம்ப இயலவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

அன்றைக்குக் கிடங்கில் இருந்த அத்தனை பெட்டியையும் இடம் மாற்றினேன். யாரும் தடுக்கவில்லை. சீல் போனில், "காலியா விட்டிருக்கலாம்," என்றார். அவருக்கு நான் அனுதாபம் தெரிவிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது போலிருந்தது. புருஷனிடம் ஒரு வரியில் செய்தி அனுப்பிவிட்டுப் போனை அணைத்தேன். அவர் சொன்னதுதான் நடந்தது. அதை அவர் வாயால் கேட்கத் தெம்பில்லை.

நான்கு நாள் கழித்து மனைவி விண்ணப்பக்காரர்கள் முதல் முறையாக வாய் திறந்தார்கள். 'நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலம் மிகக் குறைவு. திருமண உறவு உண்மையானதென்றும் தொடர்கிறதென்றும் காட்ட மேலும் ஆதாரம் அனுப்பவும்.'

இரண்டு கடிதத்தையும் அச்செடுத்துக் கல்லா மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே டிசைன் டைல்ஸ் வேறு வேறு தடவை சுட்ட இரண்டு லாட்டில் வந்தால் தனித்தனியாகப் பார்க்கும்போது நிற வித்தியாசம் தெரியாது. சேர்த்து வைத்தால்தான் தெரியும். இரண்டு தாளிலும் மேலே ஒரே அரசு முத்திரை. ஒன்றில் நான் அளவுக்கு மீறிப் பெண்டாட்டி. இன்னொன்றில் போதாத பெண்டாட்டி.

"அப்பா, உடைசலை யாருக்கு விப்பீங்க?"

"மொட்டைமாடிக்குப் பதிக்கறவங்களுக்கு. அவங்களுக்கு உடைஞ்சதுதான் வேணும். ஏன்?"

நான் நிராகரிப்புக் கடிதத்தை எடுத்து, மனைவி விண்ணப்பத்துக்கு அனுப்பச் சேர்த்துவைத்த ஆதாரக் கட்டின் மேலே வைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார். மறுபடி படித்தார். அவர் முகத்தில் அந்த ஒளியை, பழைய ஸ்டாக்கை ஒரே பார்ட்டி மொத்தமாக எடுத்த நாளில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

சீலை வரச் சொன்னோம். மறுபடி அதே தொட்டி. "ரிஜெக்ட் லெட்டரை யாராவது ஆதாரமா வெப்பாங்களா?"

"நாங்க நாற்பது போட்டோ கொடுத்தோம், பத்தலையாம். இது அவங்க ஆளே எழுதினது. வலுவான பிணைப்புன்னு. நீங்க கேக்கற சீலும் இருக்கு பாருங்க, மேல."

அவர் பார்த்தார். அப்பா குறுக்கிட்டு, "இதுக்குத் தனியா சார்ஜ் கிடையாது, ஐடியா எங்களுது," என்றார்.

போனைத் திறந்து புருஷனைக் கூப்பிட்டேன். லிஃப்ட் குழியிலிருந்து ஏறி வந்து எடுத்தார், மூச்சு வாங்கியது. எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா என்று ஆரம்பித்தவரை நிறுத்தி, கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"என்ன போட்டிருக்காங்க?"

"வலுவான பிணைப்பு."

"யாருக்கு, நமக்கா?"

"நமக்குத்தான்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. "மறுபடி படி," என்றார். படித்தேன். தூதரகத்தில் நான் பெட்டிக் கதை சொன்னதைச் சொன்னேன். நான் போனை அணைத்த நாள், இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்டை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்ததை அவர் சொன்னார். சண்டையும் போட்டோம், திருப்தியாக. சாப்பிட்டாச்சா என்று கேட்க இருவருக்கும் நினைவு வரவில்லை.

அன்றே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டரில் இப்போதும் 'பரிசீலனையில் உள்ளது' என்றுதான் வருகிறது. நானும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கல்லா அடைக்கும்போது அம்மா, "சரி, மொத்தத்துல என்னாச்சு, கணக்கைச் சொல்லு," என்றாள். சொன்னேன். காலேஜ் முன்பணம், பிடித்தது போக மீதி திரும்பும். தூதரகக் கட்டணம், போயே போச்சு. சீலுக்குக் கொடுத்தது, அவர் பெயர் எழுதிய செலவு. வரவு, அரசாங்கமே கையெழுத்துப் போட்ட காதல் கடிதம் ஒன்று.

"பாக்கி?"

டெலிவரி பாக்கி, ஒரு உருப்படி. பெட்டி பிரித்தது. திரும்ப எடுக்கப்படமாட்டாது.